இரண்டே திருப்பம்: பிரவுசரில் விளையாடும் விலங்கு ஜோடி ஆட்டம்

திரை நிறைய விலங்கு முகங்கள். ஒரே மாதிரி இரண்டைத் தொட்டால் நடுவில் ஒரு கோடு மின்னும், இரண்டும் மறையும். கட்டம் காலியானால் அடுத்த லெவல். டிரீம் பெட் லிங்க், ஓனெட் கனெக்ட் என்று தெரிந்த பெயர்களிலும், பெயர் நினைவில் நிற்காத எத்தனையோ நகல்களிலும் இந்த ஆட்டம் இலவசமாகக் கிடைக்கிறது. இன்ஸ்டால் செய்ய வேண்டாம், கணக்குத் தொடங்க வேண்டாம், பக்கத்தைத் திறந்தால் போதும். முதல் ஒன்றிரண்டு லெவலில் இது வெறும் கண் வேகம் என்று தோன்றும். காய்கள் நகரத் தொடங்கும் லெவலுக்குப் போனதும், எந்த ஜோடியை எப்போது எடுப்பது என்பதில்தான் எல்லாமே இருக்கிறது என்று புரியும். மிக நல்ல ஆட்டம். ஆனால் மோசமாகச் செய்யப்பட்ட பதிப்பு கையில் கிடைத்தால் அந்த நல்லது எதுவும் தெரியாது. அதனால் ஆட்டத்தைப் பற்றியும், பதிப்பை எடைபோடும் விதத்தைப் பற்றியும் சேர்த்தே எழுத வேண்டியிருக்கிறது.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். விலங்குப் படம் போட்ட ஜோடி ஆட்டங்கள் எல்லாம் ஒன்றல்ல. பக்கத்துக் காய்களை இடம் மாற்றி மூன்றை ஒரே வரிசையில் சேர்ப்பது ஒரு வகை. காய்களை அடுக்கடுக்காக மேலே ஏற்றி, பக்கவாட்டில் தடையில்லாத காயை மட்டும் எடுக்கவிடும் மஜாங் சாலிட்டேர் இன்னொரு வகை. ஒரே மாதிரி மூன்றை ஏழு இடம் கொண்ட தட்டில் சேர்க்கச் சொல்லும் வகை, 2022 செப்டம்பரில் சீனாவில் ஓர் ஆட்டுக்குட்டி ஆட்டத்தால் பெரிய அலையாக எழுந்தது. இங்கே பேசுவது நான்காவது வகை. ஜப்பானில் மஜாங் என்ற சீன ஆட்டத்தின் காய்களை வைத்து ஆடிய சிசென்-ஷோ என்ற ஆட்டத்தின் வழி வந்தது. அதற்கு அங்கே நிகாகுதோரி என்றும் ஒரு பெயர் உண்டு, 'இரண்டு மூலையில் எடுப்பது' என்று பொருள். விதி முழுவதும் அந்தப் பெயரிலேயே இருக்கிறது.

விதி இதுதான். ஒரே விலங்கு உள்ள இரண்டு காய்களை, காலி இடங்கள் வழியாக மட்டும் போகும் ஒரு கோட்டால் இணைக்க முடிய வேண்டும். கோடு அதிகபட்சம் இரண்டு முறை திரும்பலாம், அதாவது மூன்று நேர்த்துண்டுகள். துண்டு எவ்வளவு நீளமாக இருந்தாலும் கவலையில்லை. மூலைவிட்டமாகப் போகக்கூடாது. ஒட்டி நிற்கும் இரண்டு காய்களுக்கு வழியே தேவையில்லை, எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம்.

புதிதாக ஆடுபவர்களுக்குத் தெரியாத பாதி விதி கட்டத்துக்கு வெளியே இருக்கிறது. கட்டத்தைச் சுற்றி ஒரு காய் அகலத்துக்குக் கண்ணுக்குத் தெரியாத சந்து உண்டு, கோடு அதன் வழியாகவும் போகலாம். அதனால் மேல் வரிசையின் இரண்டாம் இடத்தில் ஒரு நரியும் பதினான்காம் இடத்தில் இன்னொரு நரியும் இருந்தால், இடையில் பதினொரு காய்கள் நின்றாலும் எடுக்கலாம். மேலே ஏறி, குறுக்கே ஓடி, கீழே இறங்கினால் இரண்டே திருப்பம். கீழ் வரிசைக்கும் இரண்டு ஓரங்களுக்கும் இதேதான். ஆனால் மேல் வரிசை நரியையும் இடது ஓர நரியையும் சந்து வழியாக இணைக்கப் பார்த்தால் ஆட்டம் மறுத்துவிடும். மேலே ஏறி, இடப்பக்கம் போய், கீழே இறங்கி, வலப்பக்கம் நுழைய வேண்டும். எண்ணிப் பாருங்கள், மூன்று திருப்பம். 'ரெண்டும் ஓரத்தில்தானே இருக்கு, ஏன் எடுக்க மாட்டேங்குது?' என்ற கேள்விக்கு விடை இதுதான். விதிவிலக்கு மூலைக் காய்கள். அவை இரண்டு ஓரத்துக்கும் சொந்தம் என்பதால் இரண்டு பக்கத்தோடும் சேரும்.

கட்டத்தின் அளவு பதிப்புக்குப் பதிப்பு மாறும். வழக்கமான பெரிய கட்டம் 16 நெடுவரிசை, 9 கிடைவரிசை, ஆக 144 காய்கள். 36 விலங்குகள், ஒவ்வொன்றிலும் 4. இதைச் சீட்டுக் கலைப்பது போலக் கலைத்து வைத்தால், தொடக்கத்தில் ஒட்டி நிற்கும் ஜோடிகள் சராசரியாக ஐந்தோ ஆறோ இருக்கும். வெளிச் சந்தில் சேரும் ஜோடிகளையும் கூட்டினால் ஏறக்குறைய 11. ஆட்டம் தொடங்கியதும் ஒன்றும் தென்படவில்லை என்றால் பதற வேண்டாம். முதலில் மேல் வரிசையை ஒரு முறை, கீழ் வரிசையை ஒரு முறை படியுங்கள். நீளமான ஓரங்கள் என்பதால் வெளிச் சந்து ஜோடிகளில் பெரும்பகுதி அந்த இரண்டிலும்தான் கிடைக்கும்.

கிடைத்ததை எல்லாம் உடனே எடுப்பதுதான் எல்லோரும் செய்யும் தவறு. காய்கள் நகராத லெவலில், ஒரே ஓரத்தில் நிற்கும் ஜோடி எங்கும் போய்விடாது. வெளிச் சந்து எப்போதும் திறந்தே இருப்பதால் அதைக் கடைசி வரைக்கும் சேமிப்பாக வைத்துக்கொள்ளலாம். முதலில் எடுக்க வேண்டியது உள்ளே வழி திறக்கும் ஜோடியை. ஓரத்தை உரித்துக்கொண்டே போனால் ஒரு வரிசை போய் அடுத்த வரிசை ஓரமாகும், அவ்வளவுதான் ஆதாயம். நடுவில் ஒரு நெடுவரிசையைக் காலி செய்தால் அதன் இரு பக்கமும் 9 வீதம் 18 காய்கள் ஒரே சந்தைப் பார்த்து நிற்கும். அந்த 18-இல் ஒரே விலங்கு இரண்டு எங்கே இருந்தாலும் சேர்ந்துவிடும். கிடைவரிசையைக் காலி செய்ய முடிந்தால் 32. தெருவுக்கு நடுவே வாசல் திறப்பது போல, ஒரு சந்து பத்து வேலையை முடித்துத் தரும்.

ஒவ்வொரு விலங்கும் நான்கு என்பதில் இன்னொரு கணக்கு ஒளிந்திருக்கிறது. நான்கு நரிகளை மூன்று விதமாக ஜோடி சேர்க்கலாம். இரண்டு நரி மேல் ஓரத்தில் சுலபமாக நிற்கின்றன, மற்ற இரண்டு உள்ளே எதிரெதிர் கோடிகளில் புதைந்திருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். சுலபமான இரண்டையும் சேர்த்து எடுத்துவிட்டால், புதைந்த இரண்டும் ஒன்றையொன்று மட்டுமே நம்பியிருக்க வேண்டும். அதற்குப் பதிலாக, புதைந்ததில் ஒன்று வெளிப்படும்வரை காத்திருந்து அதை ஓர நரியோடு சேர்த்தால், மிச்சமுள்ள ஓர நரி அடுத்ததற்குக் காத்திருக்கும். ஒரு விலங்கைத் தொடும் முன் அதன் மற்ற மூன்றும் எங்கே என்று கண்ணால் தேடிவிடுவது நல்ல பழக்கம். எல்லாக் காய்க்கும் அப்படித் தேட நேரம் இருக்காது. கட்டம் பாதி காலியான பிறகு தேடினாலே போதும்.

இப்போது அந்த முடிச்சு. பலர் கடைசி நான்கு காயில் தோற்பது இதனால்தான். இரண்டுக்கு இரண்டு சதுரமாக நான்கு காய்கள் மிஞ்சுகின்றன. மேலே இடது பாண்டா, வலது தவளை. கீழே இடது தவளை, வலது பாண்டா. சுற்றிலும் கட்டம் முழுக்கக் காலி. ஆனாலும் எடுக்க முடியாது. மேல் பாண்டாவிலிருந்து எந்தப் பக்கமாகப் போனாலும் கீழ்ப் பாண்டாவை அடைய மூன்று திருப்பம் ஆகும், தவளைகளுக்கும் அதே கதிதான். இந்தச் சதுரம் அப்படியே இருக்க, இரண்டு நெடுவரிசைகளுக்கும் நடுவே ஒரு காய் அகலத்துக்கு இடைவெளி இருந்திருந்தால், பாண்டா வலப்பக்கம் நடுச்சந்துக்கு வந்து, கீழே இறங்கி, மறுபடி வலப்பக்கம் போய்ச் சேர்ந்திருக்கும். ஒரே ஒரு காலி இடம்தான் வித்தியாசம். அதனால் எட்டுக் காய் மிச்சம் இருக்கும்போதே இப்படிக் குறுக்குமறுக்காக ஒட்டிய சதுரம் எங்கேனும் உருவாகிறதா என்று பார்த்து, அதில் ஒரு காயை வெளியே இருக்கும் துணையோடு சேர்த்து உடைத்துவிட வேண்டும். சதுரத்தில் இல்லாத காய்களை முதலில் எடுத்துத் தீர்த்தால் முடிச்சை நீங்களே இறுக்கிக்கொண்டதாக ஆகும்.

நகரும் லெவல்களில்தான் இந்த ஆட்டம் உண்மையிலேயே இனிக்கிறது. ஒரு ஜோடி மறைந்ததும் மற்ற காய்கள் கீழே விழும், அல்லது மேலே ஏறும், இடம் வலம் ஒதுங்கும், சிலவற்றில் நடுவிலிருந்து இரண்டு பக்கமும் பிரியும். திசை மாறினால் உத்தியும் மாற வேண்டும். கீழே விழும் லெவலை எடுத்துக்கொள்வோம், மற்றவை அதன் திருப்பிப்போட்ட வடிவங்கள்தான். காய்கள் விழுந்துகொண்டே இருப்பதால் உள்ளே ஓட்டை உண்டாகாது, காலி இடமெல்லாம் மேலே சேரும். ஆகவே ஒவ்வொரு நெடுவரிசையின் உச்சியில் இருக்கும் காயும் மற்ற எல்லா உச்சிக் காயோடும் எப்போதும் சேரும். உயரம் ஏறுமாறாக இருந்தாலும் மேலே போய்க் குறுக்கே வந்து இறங்க இரண்டு திருப்பம் போதும். அடிவரிசைக் காய்களும் கீழ்ச் சந்து வழியாகத் தமக்குள் சேரும். இது தெரிந்துவிட்டால் 144 காயை அலசத் தேவையில்லை. தொடக்கத்தில் 16 உச்சி, 16 அடி, இரண்டு ஓரம், ஒட்டி நிற்பவை, இவ்வளவுதான் பார்க்க வேண்டியவை. உயரம் ஏறுமாறான பிறகு, பக்கத்து நெடுவரிசையைவிட உயர்ந்து நிற்கும் காய்களையும் சேர்த்துப் பாருங்கள்.

இந்த லெவலில் ஒரு காயை எடுத்தால் அதற்கு மேலுள்ளவை எல்லாம் ஒரு படி இறங்கும். பக்கத்து நெடுவரிசையோடு ஒட்டி நின்ற ஜோடிகள் அதில் கலைந்துபோகும். புதிதாகச் சில ஜோடி சேரவும் செய்யும், ஆனால் அது நம் கையில் இல்லை. உச்சியில் எடுத்தால் எதுவும் அசையாது, அடியில் எடுத்தால் நெடுவரிசை முழுக்க அசையும். எனவே கண்ணில் பட்ட ஒட்டிய ஜோடிகளை முதலில் எடுத்துவிட்டு, பிறகு மேலிருந்து கீழாக வாருங்கள். கீழே கை வைப்பது மேலே வழி அடைபட்டால் மட்டும். கடைசிக் கட்டத்தில் உயரத்தைச் சமமாகக் குறைத்துக்கொண்டே வர வேண்டும். எல்லா நெடுவரிசையும் ஒரு காய் உயரத்துக்கு வந்துவிட்டால் தோல்வி என்ற பேச்சே இல்லை, எந்த இரண்டும் மேலே சேரும். மாறாக மற்றதெல்லாம் தீர்ந்து இரண்டு நெடுவரிசை மட்டும் ஒட்டி உயரமாக நின்றால், மேலே சொன்ன முடிச்சு அதற்குள் காத்திருக்கக்கூடும்.

உதவிகள் இரண்டு. ஹின்ட் ஒரு ஜோடியைக் காட்டும். அது எடுக்கக்கூடிய ஒரு ஜோடி, அவ்வளவுதான், எடுக்க வேண்டிய ஜோடி என்று எண்ணிவிடக்கூடாது. நேரம் நெருக்கும்போது மட்டும் பயன்படுத்துங்கள். ஷஃபிள் மிச்சக் காய்களைக் கலைத்து அதே இடங்களில் மாற்றி அடுக்கும். இடங்கள் மாறாது என்பதைக் கவனியுங்கள். நான்கு காய் முடிச்சில் ஷஃபிள் அழுத்தினால், இரண்டு பாண்டா உட்கார ஆறு வழிகள் உண்டு. அவற்றில் நான்கு விடுதலை, இரண்டு மறுபடியும் அதே முடிச்சு. மூன்றில் ஒரு பங்கு ஆபத்தோடுதான் கடைசி ஷஃபிளைச் செலவழிக்கிறீர்கள். அதையே நடு ஆட்டத்தில், வழிகள் அருகும்போது பயன்படுத்தினால் பலன் அதிகம். எடுக்க ஜோடியே இல்லாதபோது தானாகக் கலைத்துத் தரும் பதிப்புகளும் உண்டு, அந்தக் கலைப்பையும் உங்கள் கணக்கிலேயே கழித்துக்கொள்கிறதா என்று எண்ணிக்கையைப் பாருங்கள்.

இனி பதிப்பின் தரம். எல்லாவற்றிலும் முக்கியம் படம். விலங்குகள் இங்கே அலங்காரம் இல்லை, அவைதான் எழுத்து. 36 எழுத்தும் ஓரக்கண்ணால் பார்த்தாலே வேறுவேறாகத் தெரிய வேண்டும். வெறும் வட்ட முகத்தில் காது மட்டும் மாற்றிக் கரடி, நாய், குரங்கு, கோலா என்று வரைந்தால் கண் திணறும். நரியும் புலியும் பூனையும் ஒரே ஆரஞ்சு நிறத்தில் இருந்தால் தப்பான தட்டல் கூடிக்கொண்டே போகும். நல்ல பதிப்பில் உருவக்கோடே வேறாக இருக்கும். யானைக்குத் தும்பிக்கை சட்டத்தைத் தொடும், முயலின் காது மேலே நீளும், முதலையின் வாய் பக்கவாட்டில் நீண்டிருக்கும், பென்குயின் முழு உடலோடு நிற்கும். நிறத்தை மட்டும் நம்பிப் பிரித்த பதிப்பு, சிவப்பு-பச்சை வேறுபாடு தெரியாதவர்களுக்கு ஆடவே முடியாத ஒன்று. சோதிக்க எளிய வழி, திரையைக் கருப்பு-வெள்ளை முறைக்கு மாற்றிப் பார்ப்பது. கைபேசிகளில் இந்த அமைப்பு அணுகல்தன்மைப் பகுதியில் இருக்கும். அப்போதும் விலங்குகள் தனித்தனியாகத் தெரிந்தால் ஓவியர் வேலை தெரிந்தவர்.

கைபேசியில் ஆடுவது தனிப் பிரச்சினை. 360 பிக்சல் அகலமுள்ள திரையில் 16 நெடுவரிசையும் வெளிச் சந்துக்கு இரண்டும் சேர்த்தால் காய்க்கு 20 பிக்சல் கிடைக்கும். இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பின் அணுகல் வழிகாட்டி 2.2 தொடு இடத்துக்குச் சொல்லும் குறைந்தபட்ச அளவே 24 பிக்சல். அதாவது நிமிர்த்திப் பிடித்தால் பெரிய கட்டம் விரலுக்கு அடங்காது. படுக்கை வாக்கில் திருப்பினால் 9 வரிசையும் இரண்டு சந்தும் 360 பிக்சலுக்குள் அமைந்து காய்க்கு 32 வரை வரும். முகவரிப் பட்டை அதில் கொஞ்சம் தின்னும், முழுத்திரைப் பொத்தான் இருந்தால் அழுத்திவிடுங்கள். குழந்தைகளுக்கும் வயதானவர்களுக்கும் 8 × 6 கட்டம், 12 விலங்கு, 48 காய் உள்ள பதிப்பு பொருத்தம். கணினியில் எஃப்11 அழுத்தினால் முழுத்திரை, கன்ட்ரோலும் கூட்டல் குறியும் அழுத்தினால் பக்கம் பெரிதாகும். பெரிதாக்கிய பிறகு கட்டத்தின் ஓரம் திரைக்கு வெளியே போய்விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கை வேகத்தைக் கெடுக்கும் சின்னக் குறை ஒன்று உண்டு. ஜோடி மறையும் மினுக்கல் முடியும்வரை அடுத்த தட்டலை ஏற்காத பதிப்புகள். ஜோடிக்கு அரை விநாடி போனாலும் 72 ஜோடிக்கு 36 விநாடி. ஆறு நிமிடக் கடிகாரத்தில் ஜோடிக்குக் கிடைப்பதே 5 விநாடிதான். இன்னொன்று, ஒரு காயைத் தேர்ந்துவிட்டு வேறு விலங்கைத் தட்டினால் நல்ல பதிப்பு தேர்வைப் புதிய காய்க்கு மாற்றிக்கொள்ளும். மோசமானது இரண்டையும் விடுவித்துவிடும், அல்லது நேரத்தைக் கழிக்கும். வேகமாக ஆடும்போது இந்த வித்தியாசம் எரிச்சலாகவே மாறிவிடுகிறது.

பிரவுசர் சார்ந்த சில விஷயங்கள். இந்த ஆட்டங்களின் பழைய பதிப்புகள், பிரவுசரில் ஆட்டங்களை ஓட்ட முன்பு பயன்பட்ட ஃபிளாஷ் என்ற மென்பொருளில் எழுதப்பட்டவை. அடோபி 2020 டிசம்பர் 31-உடன் ஃபிளாஷ் பிளேயரைக் கைவிட்டது, 2021 ஜனவரி 12 முதல் அதில் எதுவும் ஓடாது. இன்றைக்கு நன்றாக ஓடுபவை பிரவுசர் நேரடியாகப் புரிந்துகொள்ளும் எச்டிஎம்எல்5-இல் மாற்றி எழுதியவை, அல்லது ஃபிளாஷைப் போலவே நடந்து பழைய ஆட்டத்தை ஓட்டிக்காட்டும் ரஃபிள் போன்ற எமுலேட்டர் வழியாக ஓடுபவை. 'ஃபிளாஷ் பிளேயரை அப்டேட் செய்யவும்' என்று இப்போதும் கேட்கும் பக்கம் வந்தால் அந்த டேபை உடனே மூடுங்கள், அப்படி ஓர் அப்டேட் கிடையாது. அறிவிப்பு அனுப்ப அனுமதி கேட்டால் மறுத்துவிடுங்கள், ஆட்டத்துக்கு அது தேவையே இல்லை.

எத்தனையாவது லெவல் என்பது பெரும்பாலும் பிரவுசரின் உள் சேமிப்பில்தான் இருக்கும். தனிப்பட்ட விண்டோவில் ஆடினால் மூடியதும் போய்விடும், தளத்தின் தரவை அழித்தாலும் போய்விடும், வேறு கருவியில் தொடர முடியாது. வேறு டேபுக்குப் போனால் கடிகாரம் நிற்குமா என்பதும் பதிப்பைப் பொறுத்தது. மறைந்திருக்கும் டேபில் அசைவூட்டத்தைப் பிரவுசர் நிறுத்திவைக்கும். கடிகாரத்தை அதோடு கட்டியிருந்தால் நேரமும் நிற்கும். கணினியின் மணியைப் பார்த்துக் கணக்கிட்டிருந்தால் திரும்பி வரும்போது மொத்தமாகக் கழிந்திருக்கும். முதல் லெவலிலேயே பத்து விநாடி வேறு டேபுக்குப் போய்வந்து பார்த்துவிடுங்கள்.

விளம்பரம் இலவசத்தின் விலை, லெவலுக்கு நடுவில் வருவதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஆட்டத்தின் நடுவே காட்டி, அதன் அடியில் கடிகாரத்தையும் ஓடவிடும் பதிப்பை இரண்டாம் முறை திறக்காதீர்கள். வீடியோ பார்த்தால் ஒரு ஷஃபிள் என்று பேரம் பேசுபவை பரவாயில்லை, வேண்டாம் என்றால் விட்டுவிடலாம்.

புதிய பதிப்பு ஒன்றைத் திறந்ததும் மேல் வரிசையில் ஒரே விலங்கு இரண்டு, இடையில் காய்களோடு நிற்பதைத் தேடித் தட்டிப் பாருங்கள். கோடு கட்டத்துக்கு வெளியே போய் வளைந்து வந்தால் சந்து இருக்கிறது, இங்கே சொன்ன உத்திகள் எல்லாம் செல்லும். போகவில்லை என்றால் அது வேறு விதி கொண்ட இறுக்கமான ஆட்டம். அதில் தொடக்கத்தில் ஒட்டிய ஜோடிகளைத் தவிர வேறு எதுவும் கிடைக்காது, ஓரச் சேமிப்பு என்ற வசதியும் இருக்காது. நேரக் கணக்கில்லாத முறை அதில் இருந்தால் மட்டும் தொடருங்கள்.